இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒரு நாள்: மணி அடித்துப் பாடமா, நிலை பிரித்துப் பாடமா?

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள்தான். கல்வி உரிமைச் சட்டப்படியே 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர். வகுப்போ ஐந்து. ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். மூன்று வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அந்த அறையில் ஒரு நாளை எப்படி வகுப்பது என்பதுதான் கேள்வி.

வழி இரண்டு. ஒன்று, மணி அடித்து 40 நிமிடப் பாடவேளைகளாகப் பிரிப்பது. அவரவர் வகுப்புக்கு அவரவர் புத்தகம். இன்னொன்று, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை எட்டியிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று உட்காரவைத்து, ஒரு பாடத்துக்கு ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கொடுப்பது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வரவைக்க 2022 ஜூன் 13-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த மூன்று பெயர்களையும் ஊரெங்கும் கொண்டுபோனது. இந்த எண்ணம் அதற்கும் முந்தியது. 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் அட்டையும் ஏணியும் வைத்து அவரவர் வேகத்தில் ஏறவிட்டதும் இதே நோக்கத்தில்தான்.

ஒன்று முதல் மூன்று வரை நடத்துகிறவள் என்ற முறையில் என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை நேரம் முழுக்க நிலை பிரித்துத்தான் நடத்த வேண்டும். மதியம் மணி அடிக்கலாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 40 நிமிடத் தமிழ்ப் பாடவேளையில் மூன்று வகுப்பு என்றால் ஒரு வகுப்புக்கு 13 நிமிடம். மற்ற இரண்டு வகுப்பும் அதுவரை ‘பார்த்து எழுது’தான். ஒரு நாளில் தமிழுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினாலும் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் நேராகக் கிடைப்பது 26 நிமிடம். இதுவே 90 நிமிடத்தைச் சேர்த்து எடுத்தால் முதல் 20 நிமிடம் எல்லோருக்கும் ஒரே கதை, ஒரே பாட்டு. மீதி 70 நிமிடத்தில் ஒவ்வொரு குழுவோடும் 23 நிமிடம் உட்காரலாம். பொதுவில் நடந்ததும் சேர்ந்து பிள்ளைக்கு 43 நிமிடம். சுவரில் தொங்கும் கால அட்டவணையில் இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்தது தமிழ் எழுத்து. 247-இல் 216 உயிர்மெய். ட, ப, ம என்று கோடு இழுத்தால் வந்துவிடும் எழுத்துகளில் ஆரம்பித்து படம், பட்டம், மடம் என்று சொல்லாக்கும்வரை பிள்ளைகள் உற்சாகமாக வருவார்கள். இடறுவது கொம்பு எழுத்தில். ‘கொ’ என்று சொல்லும்போது முதலில் கேட்பது ககரம். எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, கால் பின்னால் போகிறது. கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறையும் ஒரு பிள்ளை கலங்காமல் படிக்க, தினமும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் இதையெல்லாம் தெரிந்த பிள்ளையை நினைத்து எழுதப்பட்டது. கொம்பு பிடிபடாத பிள்ளைக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்து மணி அடித்தால், அது எழுத்துகளைப் படமாக வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். நோட்டு அழகாக இருக்கும், வாசிக்கச் சொன்னால் வராது.

கொரோனாவுக்குப் பிறகு இதை நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-இல். ஒன்றாம் வகுப்பு அறையையே முழுசாகப் பார்க்காமல் பிள்ளைகள் இரண்டுக்கும் மூன்றுக்கும் வந்து நின்றார்கள்.

கணக்குப் பாடத்திலும் இதுவேதான். 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். கடன் வாங்குவதை இன்னும் பத்துக் கணக்கு போட்டுக் காட்டினாலும் திருந்தாது. பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சிக் கட்டை அவர்களே பிரித்து, இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டாக்கிப் பார்க்க வேண்டும். கட்டை அவிழ்த்து, எண்ணி, சிதறி, மறுபடி கட்டுவதற்குள் 40 நிமிடப் பாடவேளை முடிந்துவிடும்.

இன்னொன்று, வராத பிள்ளை. பொங்கலுக்கு விட்ட லீவு மஞ்சுவிரட்டு முடியும்வரை நீளும். சாமி கும்பிடு, கெடா வெட்டு, அறுவடை என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். திரும்பி வரும் பிள்ளைக்காகப் பாடம் காத்திருக்காது, இரண்டு பாடம் தாண்டிப் போயிருக்கும். நிலை பிரித்த வகுப்பில் அது விட்ட இடத்தில் உட்கார்ந்து தொடரலாம். எங்கள் பகுதிக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

மணி அடிக்கும் வழிக்கும் நியாயம் இருக்கிறது. பெற்றோருக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது. “டீச்சர், எதுத்த வீட்டுப் பய வேன்ல போறான், ஆறு நோட்டு நிறைய எழுதியாந்து காட்டுறான். எம்பிள்ளை பாட்டுப் பாடிக்கிட்டு வருது” என்று ஒரு அம்மா கேட்டால் அதில் தப்பில்லை. நான் நோட்டைக் காட்டுவதில்லை, பிள்ளையைக் கூப்பிட்டு அன்றைய பேப்பரில் ஒரு வரி வாசிக்கச் சொல்வேன். வாசித்துவிட்டால் அப்புறம் பேச்சு வேறு மாதிரி போகும்.

நிலை பிரிப்பதில் உண்மையான குறை மூன்று. மலர்ப் பிள்ளை சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா உட்காரும். அதற்கு, வகுப்பறையில் கதைப் புத்தகம் வைத்திருக்கும் வாசிப்புக் களத்தில் புதுப் புத்தகம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்கிறோம். இரண்டாவது, செயலியில் ஏற்ற வேண்டிய மதிப்பீடு. பிள்ளையைப் பார்க்க வேண்டிய நேரத்தைப் போன் தின்கிறது, அதைக் குறைத்தே ஆக வேண்டும். மூன்றாவது, மனசு. மூன்றாம் வகுப்புப் பையனை ஒன்றாம் வகுப்போடு அரும்பில் உட்காரவைத்தால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவனுக்குப் புரியும். ஒரு தடவை பிரித்ததை எல்லாப் பாடத்துக்கும் அப்படியே வைத்துக்கொள்வதால்தான் இது வருகிறது. சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து கீரைக்கட்டு விற்கும் பையன் தமிழில் அரும்பாக இருப்பான். கணக்கில் மற்றவர்களுக்குச் சில்லறை சொல்லிக் கொடுப்பான். பாடத்துக்குப் பாடம் இடம் மாறினால் யாரும் யாரையும் கீழே பார்ப்பதில்லை.

காலை முதல் வேளை இப்போது எந்த முறைக்குமே முழுசாகக் கிடைக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியது மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். அதற்கு முன்பு ஒன்றும் சாப்பிடாமல் வந்து, பதினொரு மணிக்கே சத்துணவுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை வைத்துக் கொம்பும் காலும் சொல்லித்தர முடியாது. கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, தமிழ்த்தாய் வாழ்த்து முடித்து உட்காரும் அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தைத் தமிழுக்குக் கொடுங்கள். இடைவேளைக்குப் பின் கணக்கு.

மதியம் சாப்பாடும் முட்டையும் ஆனபின், பங்குனி வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் ஒரே பாடம் ஓடாது. அங்கே 40 நிமிட மணிதான் நல்லது. ஆங்கிலத்துக்குப் பாட்டும் பேச்சும் ஒரு வேளை. சூழ்நிலையியலுக்கு ஒரு வேளை, முடிந்தால் வெளியே வேப்பமரத்தடியில். அப்புறம் விளையாட்டு.

நான்கு, ஐந்துக்கு நான் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். 2023-24-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் அங்கேயும் போனது. வாசிக்கத் தெரிந்துவிட்ட பிள்ளைக்குப் புத்தகமே ஆசிரியர் என்பதால் பாடவேளை அங்கே ஓரளவு சரியாகவே ஓடுகிறது. வாசிக்கத் தெரியாமல் ஐந்துக்கு வந்த பிள்ளையை மட்டும் காலையில் எங்கள் அறைக்கு அனுப்பச் சொல்வேன், கூச்சப்படாத மாதிரி சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்று கூப்பிட்டு. மதுரை நகரத்துக்குள் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு இந்த 13 நிமிடக் கணக்கே பொருந்தாது. அவர்கள் மணி அடித்தே நடத்தலாம், ஒன்றாம் வகுப்புத் தமிழை மட்டும் இரண்டு பாடவேளை சேர்த்து வைத்தால் போதும். எங்களைப் போன்ற பள்ளியில் ஒரு ஆசிரியர் லீவு போட்டு ஐந்து வகுப்பும் ஒரே ஆள் கையில் விழும் நாளில், கால அட்டவணையை எடுத்து வைத்துவிட்டு ஐந்து வகுப்பையும் மூன்று நிலையாக உட்காரவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.