கைரோபிராக்டர் செக்கப்: கையால பாக்குறதா, எக்ஸ்ரேவா?

கைரோபிராக்டர்னா முதுகெலும்பு, மூட்டெல்லாம் கையால அமுக்கி வலிக்கு ட்ரீட்மென்ட் பண்றவங்க. ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி கையால செக் பண்றவங்க குனிய நிமிர சொல்லி, முதுகெலும்ப ஒவ்வொண்ணா அமுக்கி, மல்லாக்க படுக்க வச்சு முட்டி மடக்காம காலத் தூக்கி, சுத்தியலால ரிஃப்ளெக்ஸ் தட்டி, கால் விரல்ல பலம் இருக்கான்னும் பாப்பாங்க, நரம்பு அமுங்குதான்னு இதுலயே ஓரளவு தெரிஞ்சிடும். ஆனா வெறுமனே தொட்டுப் பாக்குறத ரொம்ப நம்பாதீங்க, ஒருத்தர் சொல்ற இடத்த அடுத்தவர் சொல்ல மாட்டாரு.

எக்ஸ்ரேல எலும்பு தெரியும், டிஸ்க்கும் நரம்பும் தெரியாது, இடுப்புக்கு எடுத்தா நெஞ்சு எக்ஸ்ரேவ விட பல மடங்கு ரேடியேஷன் வேற. பலமா கீழ விழுந்தது, கேன்சர் ஹிஸ்டரி, காரணமே இல்லாம எடை குறையுறது, காய்ச்சல், எலும்பு மெலிவு இதுல எதாவது இருந்தா ஸ்கேனோ எக்ஸ்ரேவோ பாக்காம கை வைக்க விடாதீங்க. வர்ற எல்லாருக்கும் முதல் வேலையா எக்ஸ்ரேன்னா எனக்கு சந்தேகம்தான்.