மூன்று கோடை கண்ட பிரஷ் கட்டரும் அதன் சிலிண்டர் அடிப்பக்க போல்ட்டுகள் இரண்டும்

பள்ளிகொண்டா பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்கு 52 சிசி பிரஷ் கட்டர் வாங்கி மூன்று கோடை ஆகிவிட்டது. புல் வெட்டுவதில் குறையே இல்லை. என்னைப் படுத்தியது சிலிண்டரை கிராங்க்கேஸோடு (எஞ்சினின் அடிப்பெட்டி) பிடிக்கும் அடிப்பக்க போல்ட்டுகள் இரண்டும்தான்.

முதல் கத்திரியிலேயே தொடங்கிவிட்டது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் இரண்டு மணி நேரம் ஓட்டினால், மறுநாள் சிலிண்டர் அடியில் ஆயில் கசிந்திருக்கும், ஐடிலிங் தானாக ஏறும். "அதிர்வுலதாண்ணா லூஸ் ஆகுது, நல்லா இறுக்கிடலாம்" என்றார் மெக்கானிக். பத்து நாளில் மறுபடி அதே கதை. மூன்றாம் முறை இறுக்கியபோது அலுமினிய மரை உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது.

அப்புறம்தான் போல்ட் தலையில் பெயின்ட் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு நகரவில்லை, பிடி மட்டும் தளர்ந்திருந்தது. சுழலாமலே தளர்கிறது என்றால் காரணம் சூடு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எஞ்சின் சூடானதும் போல்ட் கூடுதலாக இழுபட, தலைக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற அலுமினியம் அமுங்கிவிடுகிறது. ஆறினாலும் அமுங்கியது எழாது. ஒரு சென்டிமீட்டர் பிடிக்கும் குட்டை போல்ட், இறுக்கும்போது நீள்வதே மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். அதில் ஒரு பங்கு அமுங்கினாலே பிடியில் மூன்றில் ஒன்றோ பாதியோ போச்சு. காகித கேஸ்கெட் அமுங்குவது தனிக் கணக்கு. கிராங்க்கேஸ் மக்னீசியத்தில் இருந்தால் இன்னும் மோசம்: வழக்கமான கலவைகள் 120 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். பி.எம்.டபிள்யூவின் என்52 கார் எஞ்சினில் மக்னீசிய கிராங்க்கேஸுக்கு அலுமினிய போல்ட் போட்டதற்கு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரியும் என்பதும் ஒரு காரணம்.

சரி, நான் செய்தது: உரிந்த மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்). காட்பாடி லேத் பட்டறையில் 8 மி.மீ. எஃகு புஷ் (போல்ட் தலைக்கு அடியில் வைக்கும் குழாய்த் துண்டு) கடைந்து வாங்கி, அதற்கேற்ற நீள போல்ட், அடியில் தடித்த கடினமான வாஷர். நீள போல்ட் அதிகம் இழுபட்டு நிற்பதால் சிறு அமுங்கலைத் தாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் வாஷரைத் தூக்கிப் போட்டேன், அது அலுமினியத்தைக் கீறியதுதான் மிச்சம். லாக்டைட் (மரையில் தடவும் பசை) சுழல்வதைத் தடுக்கும், அமுங்குவதைத் தடுக்காது. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) மேனுவல் அளவுக்கு இறுக்கி, ஒரு நாள் ஓட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மறுபடி அதே அளவு. தயவுசெய்து சூட்டோடு இறுக்காதீர்கள்.

அதன்பின் இரண்டு கோடை ஓடிவிட்டது. போன கத்திரி முடிந்து ரெஞ்ச் வைத்தேன், போல்ட் துளியும் நகரவில்லை, அடியில் ஆயில் ஈரமும் இல்லை. சைலன்சர் போல்ட்டுகளுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.