சிங்கப்பூர் வேலை பர்மிட் ரினியூவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊர்க்கார ஏஜென்டிடம் மூணேகால் லட்சம் கட்டி சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் நான். பாதி அம்மாவின் நகை, மீதி வட்டிக்கு வாங்கியது. ரசீது கேட்டேன், "நமக்குள்ள என்னப்பா ரசீது" என்றார். அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று அப்போது தெரியாது.

சரி, அது போகட்டும். வேலை பர்மிட்டுக்கு முன்னால் வரும் ஒப்புதல் கடிதமான ஐபிஏ தாள் தமிழிலேயே வந்தது. அடிப்படைச் சம்பளம் மாசம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அதில் இருந்தது, நான் பார்த்தது என் பெயர் சரியா என்று மட்டும்தான். அங்கே கையில் கிடைத்தது 572. கேட்டதற்கு சூப்பர்வைசர், "அது எம்ஓஎம்முக்குச் சும்மா போடுறது தம்பி" என்றார் (எம்ஓஎம் என்றால் அங்கத்து மனிதவள அமைச்சு), நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரெண்டு வருஷம் முடியப்போகும்போது அதே சூப்பர்வைசர் கூப்பிட்டு, லெவி ஏறிவிட்டது, பர்மிட் ரினியூ பண்ண 1,500 வெள்ளி வேண்டும் என்றார். லெவி என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டியது, அதை நம்மிடம் பிடிப்பதும் ரினியூவுக்குக் காசு வாங்குவதும் அங்கே குற்றம். தெரியாமல் மூணு மாசச் சம்பள நாளில் ஏடிஎம்மில் எடுத்து ஐந்நூறு ஐந்நூறாகக் கையில் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் 2,000 கேட்டார். முடியாது என்றேன், ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். பிளைட் ஏறாமல் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போனேன், அவர்கள் சம்பளப் புகார் போட வழி காட்டினார்கள். கடைசி ஒரு வருஷத்துப் பாக்கியைத்தான் கேட்க முடியுமாம். மாசம் 228 வீதம் 2,736 வர வேண்டும், பேச்சுவார்த்தையில் 2,000 கொடுத்தார்கள். முதல் ரெண்டு வருஷத்துக் காசு போனது போனதுதான். ரினியூவுக்குக் கொடுத்த 1,500-க்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது, வாங்கவே இல்லை என்று சாதித்துவிட்டார். என் ரூம் பையனிடம் அதே மாதிரிக் காசை வாட்ஸப் வாய்ஸில் கேட்டு மாட்டிக்கொண்டதால் அவனுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்று. பர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும்போது, கட்டட வேலைக்காரர்கள் முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். ரெண்டு தடவையும் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டது அந்த நாட்கள் தாண்டி, பதினஞ்சு நாள் இருக்கும்போது!

அந்த ஏஜென்ட் போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் நாலு லட்சம் சொல்லியிருக்கிறார். ஐபிஏ வந்ததும் முதலில் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.