ஏ3-யா, ஏ3.5-ஆ? தண்டையார்பேட்டை நடுத்தெருவில் என் பல்

மெல்பர்னிலிருந்து சென்னைக்கு வந்திருந்தபோது, பொங்கலன்று கரும்பைக் கடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். துப்பிப் பார்த்தால் சக்கையோடு ஒரு பீங்கான் சில்லு. 2008இல் இதே தண்டையார்பேட்டையில் போட்ட கேப். கண்ணாடியில் பார்த்தேன்: கோரைப்பல்லுக்கு அடுத்த பல், பாதி வெள்ளை, பாதி கறுத்த உலோகம்.

"மெல்பர்ன் போய்ப் பார்த்துக்கக் கூடாதா?" என்றாள் தங்கை. அங்கே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெரியவர்களின் பல்லைத் தொடாது, ஒரு கேப்புக்கு இரண்டாயிரம் டாலர் கேட்பார்கள் என்றேன். அவளே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

மெட்ரோ, பேங்க், ரேஷன் கார்டு எல்லாம் ஒழுங்காக நடந்த பயணம்தான், அதை விடுங்கள். இந்தப் பல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பழைய டாக்டரின் நாற்காலியில் இப்போது அவர் மகள். டோக்கன் 14. "பத்து நிமிஷம் சார்" என்று மூன்று முறை சொன்னார்கள், ஒன்றரை மணி நேரம் ஓடியது. மெல்பர்னில் ஐந்து நிமிடம் தாமதமானாலே மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே சீரியல் போடுகிறார்கள்.

உள்ளே போனதும் கோபம் குறைந்தது. "உள்ள இருக்கிற உலோகமும் பல்லும் நல்லா இருக்கு சார். மேல ஒட்டின பீங்கான்தான் போயிருக்கு. இந்த வகையில அதிகமா நடக்கிறது இதுதான்" என்றார். உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட கேப்புகளில் 100க்கு 95 போல ஐந்து வருடம் தாண்டும் என்று ஆய்வுகளில் படித்திருக்கிறேன். டாக்டரின் அப்பா போட்டது மூன்று மடங்குக்கு மேல் ஓடிவிட்டது. பிறகு எதைக் குறை சொல்ல?

பூசி ஒட்டலாம், ஆனால் மறுபடி பெயரும் என்றதால் சிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கான் கேப்புக்குத் தலையாட்டினேன். முழுசும் ஒரே கட்டியில் கடைவது, பெயர மேல்பூச்சே கிடையாது. 12,000 ரூபாய்.

அப்புறம்தான் அது. பல்லில் கை வைக்குமுன் கலர் பார்க்க வேண்டுமாம். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அப்போது பார்த்தால் கலர் தப்பும். "இந்த டியூப்லைட்ட நம்பக் கூடாது, வெளிய வாங்க" என்று என்னைத் தெருவுக்கே கூட்டிப் போய்விட்டார்! கையில் 16 குட்டிப் பற்கள் கோத்த அட்டை, ஒவ்வொரு பல்லும் ஒரு நிறம், அதற்கொரு பெயர். பூக்காரம்மா, ஆட்டோக்காரர், தங்கை, நடுவில் நான் ஈ என்று இளித்தபடி. ஒவ்வொரு குட்டிப் பல்லாக என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஏ வரிசையிலேயே வெளுப்பான ஏ1 கேட்டேன். "இன்னா சார், அம்மாம் வெள்ளையா வெச்சா தனியா தெரியாதா?" என்றார் ஆட்டோக்காரர். ஏ3 என்றாள் தங்கை. "கொஞ்சம் மஞ்சள் தட்டணும் கண்ணு" என்றார் பூக்காரம்மா. டாக்டர் ஏ3.5 என்று குறித்துக்கொண்டார்.

முன்பு மெல்பர்னில் மறுபக்கத்துப் பல்லுக்குக் கேப் போட்டபோது மூடிய அறை, பெரிய விளக்கு, கேமரா. வந்து சேர்ந்தது சுவிட்ச் போர்டு வெள்ளையில் ஒரு பல். என் மனைவி இன்னும் அதை விடவில்லை.

தற்காலிக கேப்போடு அனுப்பினார்கள். சனி இரவு விமானம். புது கேப் புதன் வரும் என்றது வியாழன் ஆனது, வியாழன் வெள்ளி ஆனது. போனில் கத்தினேன். "ஒண்ணேகால் மடங்கு பெரிசா கடைஞ்சு, 1,500 டிகிரி உலையில சுருக்கணும் சார். அவசரப்படுத்தினா பல் உங்களுக்குத்தான் சரியா உட்காராது" என்று பொறுமையாகச் சொன்னார் டாக்டர். லேப் பையன் டோல்கேட் தாண்டிவிட்டான் என்ற பதிலை மட்டும் நாலு முறை கேட்டேன்.

வெள்ளி மாலை, எங்கே இடிக்கிறது என்று பார்க்க நீலக் காகிதத்தைக் கடிக்கவைத்து, இரண்டு இடத்தில் லேசாகத் தேய்த்து, ஒட்டிவிட்டார். கண்ணாடியோடு தெருவுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார்.

"சூப்பர் சார். அந்தாண்ட பளிச்சுனு கீதே, அதானே புதுசு?"