கணினிக்குள் நடை பழகிய ரோபோவும் மேசைமேல் கை பழகிய ரோபோவும்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் ரோபாட்டிக்ஸ் ஆய்வுரைகள் பல இப்போது காணொளியாகக் கிடைக்கின்றன. சில வாரங்கள் தொடர்ந்து கேட்டால், பேச்சாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது தெரிந்துவிடும். ரோபோவை சிமுலேட்டருக்குள், அதாவது நிஜ உலகைக் கணினியில் போலி செய்யும் மென்பொருளுக்குள், பழக்கிவிட்டு வெளியே இறக்குபவர்கள் ஒரு கட்சி. உண்மையான இயந்திரத்தை உண்மையான பொருட்களோடு மல்லுக்கட்ட விட்டுக் கற்பிப்பவர்கள் மறு கட்சி.

முதல் கட்சியின் நட்சத்திரம், சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகம் பழக்கிய நான்குகால் ரோபோ எனிமல். 2022இல் வெளியான ஆய்வில் அது சுவிட்சர்லாந்தின் எட்ஸல் மலைப்பாதையில் 120 மீட்டர் உயரத்தை 31 நிமிடத்தில் ஏறியது. மனிதர்களுக்குக் கணக்கிட்ட நேரத்தைவிட 4 நிமிடம் குறைவு! ஆனால் என்னைக் கவர்ந்தது வேகம் அல்ல. உயர்ந்த புல் ரோபோவின் உணரிகளுக்குத் திடமான மேடாகத் தெரியும். மெத்தென்ற பனி கெட்டித் தரையாகத் தெரியும். எனவே பயிற்சியின்போதே தரையின் உயரத்தை வேண்டுமென்றே தப்பும் தவறுமாகக் கொடுத்தார்கள். எப்போது கண்ணை நம்புவது, எப்போது காலை நம்புவது என்பதை அது தானாகக் கற்றது. இதை நிஜ மலையில் பழக்கியிருந்தால் எத்தனை ரோபோக்கள் காலொடிந்து கிடந்திருக்குமோ!

அதே ஊரின் சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்விஃப்ட் என்ற டிரோன், மனித சாம்பியன்கள் மூவருடன் மோதிய 25 பந்தயங்களில் 15ஐ வென்றது. 2023இல் வெளியான இந்த ஆய்விலும் பயிற்சி சிமுலேட்டருக்குள்தான். ஆனால் உண்மையாகப் பறக்கவிட்டு, சிமுலேட்டரின் கணக்கு எங்கெல்லாம் பிசகுகிறது என்று அளந்து, அந்தப் பிசகையும் உள்ளே சேர்த்த பிறகே வெற்றி வந்தது. இந்தப் பகுதியைப் பேச்சாளர்கள் விரைவாகக் கடந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சரக்கே அங்கேதான் இருக்கிறது.

மறு கட்சி பொறுமைசாலிகளின் கட்சி. 2016இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாக்ஸ்டர் என்ற இரண்டு கை ரோபோவை 700 மணி நேரம் ஓடவிட்டு, 50,000 முறை பொருட்களைப் பிடித்துப் பார்க்க வைத்தார்கள். 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டின் அலோஹா என்ற ரோபோ அமைப்பில் வேலை சுருங்கிவிட்டது. மனிதர் இரண்டு கைகளை இயக்க, எதிரே இரண்டு இயந்திரக் கைகள் அதையே செய்கின்றன. பேட்டரியைச் செருகுவது போன்ற நுட்பமான வேலைக்குக்கூட ஏறத்தாழ 50 செயல்விளக்கங்கள் போதுமானவையாக இருந்தன. பழகாத மேசை, பழகாத வெளிச்சம் என்றால் இத்தகைய ரோபோ தடுமாறக்கூடும் என்பது வேறு விஷயம்.

காலுக்கும் இறக்கைக்கும் சிமுலேட்டர், விரலுக்கு நிஜம் என்பதுதான் என் கட்சி. நடக்கும்போது கால் தரையைத் தொடுவதைக் கணக்கில் ஓரளவு பிடித்துவிடலாம். நெகிழும் துணி, வழுக்கும் மூடி, விரல்நுனியின் உராய்வு ஆகியவை சிமுலேட்டருக்கு இன்னும் தலைவலிதான்.

இதற்கு விலக்கு உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெக்ஸ்-நெட் 2.0 என்ற அமைப்பு, பொருளைப் பற்றும் வேலையை 67 லட்சம் செயற்கைத் தரவுகளிலிருந்தே கற்றது. அது பார்த்தவை நிறப்படங்கள் அல்ல, தொலைவை மட்டும் காட்டும் ஆழப்படங்கள். நிறமும் நிழலும் இல்லாததால் போலிக்கும் நிஜத்துக்கும் இடையிலான பள்ளம் குறுகிவிட்டது. கணினிப் பார்வையில் ஆர்வமுள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த வகை உரையைத்தான்.

எந்தக் கட்சியின் உரையாக இருந்தாலும், காணொளியின் மூலையைப் பாருங்கள். ‘4 மடங்கு வேகம்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், அந்த ரோபோ கோப்பையை எடுக்க உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ள வேண்டும்.