வயரா, வைஃபையா? கடைசி 10 மீட்டரின் கதை

வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் பாதி வார்த்தையில் உறைந்து நிற்பார். குரல் துண்டு துண்டாக வரும். உடனே நம் கோபம் இணைய இணைப்பு கொடுத்தவர்கள் மேல் பாயும். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இப்படிக் குறைபட்டுக்கொண்ட நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து வரும் இணைப்பு பல தடவை ஒழுங்காகவே இருந்தது. கோளாறு, ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே இருந்த அந்தக் கடைசி 10 மீட்டரில்.

அந்தத் தூரத்தைக் கடக்க நமக்கு இரண்டு வழி. ஒன்று லேன் கேபிள், அதாவது ஈதர்நெட். இன்னொன்று வைஃபை. இரண்டில் எது வேகம் என்று ஆரம்பித்தால் அலசல் முதல் அடியிலேயே தடம் மாறிவிடும். புதிய வைஃபை ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண், சாதாரண லேன் கேபிள் தரும் விநாடிக்கு 1000 மெகாபிட்டைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அதை நம்பி வாங்கியவர்தான் அழைப்பில் உறைந்து நிற்கிறார். நான் முதலில் கேட்பது, அந்தப் பாதையில் இன்னும் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை. கேபிளில் நீங்கள் மட்டும்தான். காற்றில் எல்லோரும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்கு பிங் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஒரு சின்னத் தகவல் பொட்டலம் ரவுட்டர் வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று வரிசையாகக் காட்டும். கேபிளில் இணைத்துப் பார்த்தால் என் மேசையில் ஒவ்வொரு வரியும் 1 மில்லி விநாடிக்குக் கீழேதான். நூறு தடவை கேட்டாலும் அதே பதில். கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் கேட்டால் 3, 4, 3, 5, 68, 4, 3, 112 என்று போகிறது. சராசரியைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அழைப்பைக் கெடுப்பது அந்த 112தான்.

ஏன் என்றால், இணையத்தில் போகும் குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஒரு துண்டு 112 மில்லி விநாடி தாமதித்தால், அதன் பின்னால் இன்னும் ஐந்து துண்டுகள் சேர்ந்து நிற்கும். செயலி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் வந்து சேராவிட்டால் அந்த ஒலியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நமக்குக் காதில் விழாமல் போன அந்த அரை வார்த்தை அதுதான். படம் பார்க்கும்போது இந்தத் தொல்லை தெரியாது. செயலி பல விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். அதனால் 'படம் நன்றாக ஓடுகிறது, அழைப்பு மட்டும் உடைகிறது' என்று யாராவது சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது வைஃபையைத்தான்.

காற்றில் பிறந்த கேபிள்

இந்த இரண்டும் எதிரெதிர் முகாம்கள்போலத் தெரிந்தாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே வானொலி அலைகள் வழியாகக் கணினித் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதற்கு அலோஹாநெட் என்று பெயர். விதி ரொம்ப எளிமை. அனுப்ப வேண்டியது இருந்தால் அனுப்பு. சேர்ந்துவிட்டது என்று பதில் வராவிட்டால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதியிருக்கலாம். கொஞ்ச நேரம், குலுக்கிப் போட்டதுபோல ஏதோ ஒரு நேரம், பொறுத்திருந்து மறுபடி அனுப்பு. எளிமைக்குக் கொடுத்த விலை பெரிது. கணக்குப் போட்டால், இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும்.

அதைப் படித்து ஆராய்ந்த பாப் மெட்காஃப், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் அதே யோசனையை ஒரு கம்பிக்குள் கொண்டுவந்தார். டேவிட் போக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் வடிவத்தின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். ஒளி பரவுவதற்கு வெளியெங்கும் ஈதர் என்ற ஊடகம் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் நம்பினார்களே, அந்தச் சொல்லிலிருந்துதான் ஈதர்நெட் என்ற பெயர். பொருத்தமான பெயர்தான். நீளமான ஒரே கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கின. ஒன்று பேசினால் மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அன்றைய கேபிளும் ஒரு பொதுவெளிதான்.

அங்கிருந்து கேபிள் வெகுதூரம் வந்துவிட்டது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள், நடுவில் அவற்றை இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி என்று மாறியது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பித்தது. மோதல் என்ற பேச்சே போய்விட்டது. காற்றுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. காற்றை ஆளுக்கொரு துண்டாக வெட்டிக் குழாயில் அடைத்துக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியமான தடை, வைஃபை கருவி தான் கத்தும்போது தன் சத்தத்தில் மற்றவர் குரலைக் கேட்க முடியாது என்பது. மோதல் நடந்ததா என்று பேசும்போதே கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் 1997இல் விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வந்த முதல் தரத்திலிருந்தே வைஃபை ஒரு பொறுமைசாலி. முதலில் காது கொடுக்கும். அமைதி என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். அப்புறம் அனுப்பும். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் முதலிலிருந்து.

இந்தக் காத்திருப்பில் உங்கள் வீட்டுக் கருவிகள் மட்டும் இல்லை. அதே சேனலில், அதாவது அதே அலைவரிசைத் துண்டில், இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் வரிசையில் நிற்கிறது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் பத்துக்கு மேல் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை பல இடங்களில் 1, 6, 11 என்ற மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே, 2.45 கிகாஹெர்ட்ஸில், இரைந்துகொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவர் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. தூரத்து அறையில் மெதுவாகப் பேசும் ஒரு பழைய போன், அதே அளவு தகவலை அனுப்ப அதிக நேரம் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பக்கத்தில் எவ்வளவு நல்ல லேப்டாப் இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். வைஃபை 6 தரத்தில் ரவுட்டரே ஒரு சேனலைச் சின்னச் சின்னப் பாகங்களாகப் பிரித்து, பல கருவிகளுக்கு ஒரே சமயத்தில் கொடுக்க வழி வந்திருக்கிறது. அது நிஜமான முன்னேற்றம். ஆனாலும் பங்கு போடுவது நேர்த்தியாகியிருக்கிறதே ஒழிய, பங்கு போட வேண்டிய அவசியம் போய்விடவில்லை.

கேபிளின் மௌனக் கோளாறு

கேபிள் என்றாலே கவலையில்லை என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை என் டெஸ்க்டாப்பில் பெரிய கோப்பு ஒன்றை நகல் எடுக்கும்போது விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. அமைப்புகளில் பார்த்தால் இணைப்பு வேகம் 100 மெகாபிட் என்று இருந்தது (8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட்). ரவுட்டரும் கணினியும் 1000 தாங்கும். ரவுட்டரை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் கேபிள் முனையிலிருந்த கண்ணாடிபோன்ற ஆர்ஜே-45 பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பிகள். ஏழு, பிளக்கின் நுனிச் சுவரைத் தொட்டு நின்றன. கடைசியிலிருந்த பழுப்புக் கம்பி மட்டும் ஒரு நெல்மணி அளவுக்குக் குட்டையாக நின்றுவிட்டது.

விஷயம் அவ்வளவுதான். 1000 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு ஜோடியும், வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகளே போதும். எட்டாவது தொடாததால் இரண்டு கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிப் பேசிக்கொண்டிருந்தன. எந்த எச்சரிக்கையும் இல்லை. பிளக்கை வெட்டி எறிந்து புதிதாகப் பொருத்தியதும் நகல் வேகம் 110 மெகாபைட்டைத் தாண்டியது. வைஃபை கெட்டால் உறைந்து, துண்டித்து, தன் கோளாறை ஊருக்கே சொல்லிவிடும். கேபிள் கெட்டால் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் அமைதியாக ஓடிக்கொண்டே இருக்கும். நீங்களாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்கள் கிடைக்கின்றன. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மின்தடை அதிகம், மடக்கினால் எளிதில் முறியும். முழுச் செம்பில், கேட் 5இ அல்லது கேட் 6 என்ற தரம் போட்ட கேபிள் போதும். 100 மீட்டர் வரை 1000 மெகாபிட் தாராளமாகப் போகும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியே இழுப்பதாக இருந்தால் மட்டும் செம்பு வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தால் அந்த அதிர்ச்சி கம்பி வழியே இரண்டு பக்கக் கருவிகளையும் கொண்டுபோய்விடும். அங்கே மின்சாரம் கடத்தாத ஃபைபர்தான் சரி.

பாதுகாப்பில் கேபிள் ஒரு படி மேலே. ஒட்டுக் கேட்க வேண்டுமானால் வீட்டுக்குள் வந்து கம்பியைத் தொட வேண்டும். வைஃபை சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. அதன் முதல் பூட்டான வெப் 2001லேயே உடைபட்டது. இன்றும் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற பின்னாளையப் பூட்டில் 2017இல் ஓட்டை கண்டுபிடித்து அடைத்தார்கள். டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடுங்கள். நீளமான கடவுச்சொல்லோடு இருந்தால் வீட்டு வைஃபையைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை.

சரி, எதை எதற்கு?

போன், டேப்லெட், மடியில் வைத்திருக்கும் லேப்டாப், கதவு மணிக் கேமரா இவற்றுக்குப் பேச்சே இல்லை, வைஃபைதான். கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடக்கும் கருவிக்குப் பின்னால் கம்பி வர முடியாது. வைஃபை இல்லாவிட்டால் இத்தனை பேர் இத்தனை இடங்களில் இணையத்துக்கு வந்தே இருக்க மாட்டார்கள். சுவரைத் துளைக்க அனுமதியில்லாத வாடகை வீட்டிலும் அதுதான் துணை.

ஆனால் நகராத பொருட்களை ஏன் காற்றில் விடுகிறோம் என்பது எனக்குப் புரிவதே இல்லை. தொலைக்காட்சி வருடக்கணக்கில் ஒரே சுவரில் இருக்கிறது. பெரும்பாலும் ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. டெஸ்க்டாப், விளையாட்டுப் பெட்டி, பிரிண்டர் எல்லாம் அப்படித்தான். இவற்றைக் கேபிளுக்கு மாற்றினால் அவற்றுக்கு நல்லது என்பது ஒரு பக்கம். அவை காலி செய்த காற்று போனுக்கும் லேப்டாப்புக்கும் கிடைப்பதுதான் பெரிய லாபம். மாலை நேரத்தில் உயர்தரப் படம் ஓடும் தொலைக்காட்சியை வரிசையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள், பக்கத்து அறையின் வைஃபையே வேறு மாதிரி ஆகிவிடும்.

நடுவழிகளும் இருக்கின்றன. மின்கம்பி வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் அடாப்டர்கள், வீட்டின் வயரிங்கைப் பொறுத்து ஓர் அறையில் நன்றாகவும் அடுத்த அறையில் மோசமாகவும் இருக்கும். திருப்பிக் கொடுத்துவிடும் வசதியோடு வாங்கினால் முயன்று பார்க்கலாம். வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே சேனலில் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. ஏற்கெனவே நெரிசலான இடத்தில் நெரிசலை இரட்டிப்பாக்கும் வேலை அது.

வீட்டில் ஒரே ஒரு கேபிள்தான் இழுக்க முடியும் என்ற நிலை இருந்தால், அதைக் கணினிக்கு இழுக்காதீர்கள். சிக்னல் எட்டாத மறுகோடி அறைக்கு இழுத்து, அதன் முனையில் ஓர் அக்சஸ் பாயிண்டை, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டியை, மாட்டுங்கள். லேன் கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் முறை 2003 முதல் இருக்கிறது. அதற்கேற்ற ஸ்விட்ச் இருந்தால் அங்கே தனியாக மின்இணைப்புகூட வேண்டாம். கூடுதல் லேன் துளை உள்ள அக்சஸ் பாயிண்டாகப் பார்த்து வாங்கினால், அந்த அறையின் டெஸ்க்டாப்பையும் அதிலேயே செருகிவிடலாம்.