மோதல் கணக்குக்கு ஒரு வட்டம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

இருபரிமாண மீட்சி மோதல் (மொத்த இயக்க ஆற்றல் மாறாத மோதல்) கணக்குகளுக்கு நிறைமையக் குறிப்பாயத்தையும், அதாவது நிறைமையத்தோடு நகர்ந்தபடி பார்க்கும் பார்வையையும், அதிலிருந்து வரையும் திசைவேக வட்டத்தையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மாணவர்களுக்கும் இதையே முதலில் சொல்லித் தருகிறேன். அடிப்படை இயக்கவியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கருவி வேறில்லை.

வழக்கமான முறையில் மோதலுக்குப் பின் தெரியாதவை நான்கு: ஒவ்வொரு பொருளின் திசைவேகத்துக்கும் இரண்டு கூறுகள். உந்தத்துக்கு இரண்டு, இயக்க ஆற்றலுக்கு ஒன்று என்று கையில் இருப்பவை மூன்று சமன்பாடுகள். குறைகிற ஒன்றைக் கேள்வியே ஒரு கோணமாகத் தரும். பிறகு சைனையும் கொசைனையும் வர்க்கப்படுத்திக் கூட்டி நீக்கினால் விடை வந்துவிடும். ஆனால் மோதலில் என்னதான் நடந்தது என்பது கண்ணுக்குப் படாது.

நிறைமையத்தோடு சேர்ந்து நகர்ந்தபடி பார்த்தால், மீட்சி மோதலில் எந்தப் பொருளின் வேகமும் மாறுவதில்லை. திசை மட்டுமே திரும்புகிறது. 2 கிலோ பந்து வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து, ஓய்விலிருக்கும் 1 கிலோ பந்தில் மோதுவதாகக் கொள்வோம். நிறைமையத்தின் வேகம் 2. அங்கிருந்து பார்த்தால் பெரிய பந்து 1, சிறியது 2 என்ற வேகத்தில் எதிரெதிராக வருகின்றன. ஆகவே ஒரு புள்ளியிலிருந்து 2 அலகு நீளக் கோடு வரைந்து, அதன் முனையை மையமாக வைத்து 1 அலகு ஆரத்தில் வட்டம் போட்டால் போதும். மோதிய பின் பெரிய பந்தின் திசைவேகம், தொடக்கப் புள்ளியிலிருந்து அந்த வட்டத்தின் ஏதோ ஒரு புள்ளிக்குச் செல்லும் வெக்டர்தான்.

அதே புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையுங்கள். அது 2 அலகுக் கோட்டோடு ஆக்கும் கோணத்தின் சைன் மதிப்பு 1/2. அதாவது எப்படி மோதினாலும் பெரிய பந்து 30 பாகைக்கு மேல் விலக முடியாது. எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 7300 மடங்கு நிறை கொண்ட ஆல்பா துகளுக்கு (ஹீலியம் அணுக்கரு) இதைப் போட்டுப் பார்த்தால், ஓய்விலிருக்கும் எலக்ட்ரானோடு ஒரு மோதலில் அது பாகையில் நூறில் ஒரு பங்குகூடத் திரும்பாது. பின்னோக்கித் திரும்ப வேண்டுமானால் தன்னைவிடக் கனமான ஒன்றில் மோத வேண்டும். 1909-இல் கெய்கரும் மார்ஸ்டனும் உலோகத் தகட்டில் பட்டுப் பின்னோக்கித் திரும்பிய ஆல்பா துகள்களைக் கண்டது ஏன் அத்தனை பெரிய செய்தி என்பது இந்தத் தொடுகோட்டைப் பார்த்த பிறகுதான் மாணவர்களுக்கு உறைக்கிறது.

இன்னொரு பலன், இரட்டை விடை. மேற்கண்ட கணக்கில் பெரிய பந்து 29 பாகை விலகியது என்று மட்டும் சொன்னால், அந்தக் கோடு வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். வேகம் சுமார் 1.5 அல்லது சுமார் 2, இரண்டும் சரியே. இருபடிச் சமன்பாட்டில் ஒரு விடையைக் காரணமில்லாமல் அடித்துவிடும் பழக்கத்தை இந்தப் படம் போக்கிவிடுகிறது. இதற்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எல்லா இடத்திலும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். நிறைகள் சமமாக இருந்து ஒன்று ஓய்விலிருந்தால், நேருக்கு நேர் மோதல் தவிர மற்றவற்றில் இரண்டும் 90 பாகையில் பிரியும். அங்கே வட்டம் போடுவது வீண் வேலை. வழவழப்பான பந்துகள் தொடும் புள்ளி தெரிந்திருந்தால், மையங்களை இணைக்கும் கோட்டின் வழியே மட்டும் ஒருபரிமாணக் கணக்குப் போட்டு, அதற்குச் செங்குத்தான கூறை அப்படியே விட்டுவிடுவது சுருக்கமான வழி. இரண்டு பொருள்களும் வெவ்வேறு திசையில் வரும்போது நிறைமைய வேகத்தைக் கூறுகளாகப் பிரித்தே எடுக்க வேண்டியிருக்கும். உழைப்பு பெரிதாக மிச்சமாவதில்லை. மீட்சியற்ற மோதலுக்கோ இதே படம் கைகொடுக்கும். நிறைமையக் குறிப்பாயத்தில் இயக்க ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், வட்டத்தின் ஆரத்தைப் பாதியாக்கி வரைந்துகொள்ளலாம்.